லிஸ்ட்டில் இல்லாதவள்

– காய்ச்சல் இருக்குதுங்களாண்ணா?

– இல்ல.

– இருமல், தொண்டை வலி ஏதாச்சும்?

– இல்ல தாயி.

– ருசி, வாசனை எல்லாம் தெரியுதுங்களா?

– இந்தா பாரு தாயி, முந்தாநாளும் இதத்தான் கேட்ட, நேத்தும் இதத்தான் கேட்ட. எனக்கு ஒண்ணுமில்ல. கல்லு கணக்கா இருக்கேன். என் பொண்டாட்டிக்குத்தான் மூச்சு முட்டுது. அவளப் பத்திக் கேளு.

– அக்கா பேரு எங்க லிஸ்ட்ல இல்லீங்கண்ணா. மாரிச்செல்வம், வயசு நாப்பத்தொண்ணு. அது மட்டுந்தானுங்க கொரோனா கன்ட்ரோல் ரூமுக்கு வந்திருக்குது.

– பாண்டியம்மாள்னு ஒருத்தியும் இந்த வீட்ல இருக்கா. எழுதிக்க.

– நாங்களா எழுத முடியாதுங்க. பாசிட்டிவ்னு ரிசல்ட் வந்தா லேப்ல இருந்து தானா ஏறுமுங்க. அக்கா டெஸ்ட் எடுக்கலீங்களா?

– ஒரே நாளு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மூக்குல குச்சிய விட்டுக்கிட்டோம். எனக்கு ரெண்டு நாள்ல வந்துருச்சு. அவளுக்கு ஆறு நாளாச்சு, வரல. கோயமுத்தூர்ல இருந்து வரணுங்கிறான் ஒருத்தன். மெட்ராஸுங்கிறான் ஒருத்தன். தொலைஞ்சு போச்சு, திருப்பி எடுத்துக்கங்கங்கிறான் இன்னொருத்தன். எங்கிட்டுப் போயி எடுக்க? கதவுல நோட்டீஸ ஒட்டி, வெளிய வந்தா கேஸுன்னு மிரட்டிட்டுல்ல போயிருக்கீங்க!

– அக்காவுக்கு ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்த்தீங்களா?

– கம்பெனி ஓனர் ஈஸ்வரமூர்த்தி ஐயா, விரல்ல மாட்டுற மெஷினக் குடுத்து விட்டாரு. காலையில தொண்ணூத்தி மூணு. இப்பத் தொண்ணூறு.

– தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா நூத்தியெட்டுக்குக் கூப்பிடோணுமுங்க.

– கூப்பிடாமயா இருப்பேன்? ரிப்போர்ட் நம்பரச் சொல்லுங்கங்கிறான். நம்பர் இல்லைன்னா பெட்டு இல்லையாம். பெட்டு இல்லைன்னா வண்டி இல்லையாம். நல்லா வெளங்கிரும்.

– ஒரு நிமிசமுங்க. பெட் கேட்கறவங்களுக்குத் தனியா ஒரு நோட்டு இருக்குதுங்க. அதுல அக்கா பேரை எழுதிட்டேன். வரிசையில முப்பத்தொண்ணுங்க. காலியானதும் நாங்களே கூப்பிடுவோமுங்க.

– முப்பத்தொண்ணா? எம்புட்டு நேரமாகும்?

– கூப்பிடுவோமுங்கண்ணா. அக்காவைக் குப்புறப் படுக்கச் சொல்லுங்க. கபசுரக் குடிநீர் குடுங்க.

*

– மாரிச்செல்வம் அண்ணனுங்களா? கன்ட்ரோல் ரூம்ல இருந்து தேஜஸ்ரீ பேசறேனுங்க. இன்னைக்குக் காய்ச்சல் ஏதாச்சும்...

– எம்பத்தாறு.

– என்னங்கண்ணா?

– எம் பொண்டாட்டிக்கு எம்பத்தாறு காட்டுது. உதடெல்லாம் கருத்துப் போச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியல அவளால. நீ காய்ச்சல் இருக்கான்னு கேளு. கேளு தாயி, நல்லாக் கேளு.

– அண்ணா...

– அந்த முப்பத்தொண்ணு இப்ப என்னாச்சு? இருபதாச்சா, பத்தாச்சா? நேத்துல இருந்து போன கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்.

– பார்த்துச் சொல்றேனுங்க.

– டிவியப் போட்டா, பெட்டுக்குப் பஞ்சமே இல்லங்கிறாங்க. எல்லாம் தயார் நிலையில இருக்காம். யாருக்குத் தயாரா இருக்கு? கையத் தட்டுன்னாங்க, தட்டுனோம். வெளக்க ஏத்துன்னாங்க, ஏத்துனோம். போன வருசம் கமுதியில எங்கம்மா செத்துப் போனப்ப, ஊருக்குப் போக மூணு தடவ பாஸுக்கு எழுதிப் போட்டேன். மூணு தடவையும் இல்லைன்னுட்டாங்க. சரி, நாட்டுக்கே வந்த கஷ்டம், நமக்கு மட்டுமான்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். எல்லாத்துக்கும் கட்டுப்பட்டுக் கெடந்தவனுக்கு இதானா?

– அண்ணா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. எங்க மேடம் பக்கத்துல இருக்கறாங்க.

– இருக்கட்டும். அவுகளும் கேக்கட்டும்! போன அவுக கையில குடு!

– இருங்கண்ணா... வெளிய வந்துட்டேனுங்க. மாடிப்படிகிட்ட நிக்கறேன். நான் சொல்றதைக் கேளுங்க. அப்படி ஒரு வரிசை இல்லீங்கண்ணா.

– என்ன சொல்ற?

– நோட்டுல எழுதறோம், அவ்வளவுதானுங்க. அதைப் பார்த்து யாரும் பெட் குடுக்கறதில்லை. சாயங்காலம் ஆனா வேற நோட்டு போடறோம். மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கறோம்.

– ஆத்தாடி.

– நான் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் மூலமா மூணு மாசத்துக்கு எடுத்த ஆளுங்கண்ணா. எழுதிக் குடுத்ததைப் படிக்கறேன். எதுவும் என் கையில இல்லை.

– அந்த நம்பர நம்பி ஒரு நாளு பூரா வீணாக்கிட்டேனே! சண்டாளி, நேத்தே சொல்லியிருக்கலாம்ல நீயி?

– சொல்லியிருக்கோணுமுங்க.

– எங்கிட்டாச்சும் தூக்கிட்டு ஓடியிருப்பேன்ல!

– இப்பக் கூட்டிட்டுப் போங்கண்ணா. நோட்டீஸ் ஒட்டியிருந்தா இருக்கட்டும். ரிப்போர்ட் இல்லைன்னாலும் பரவாயில்லை, பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போயி நிறுத்துங்க. கண்ணுக்கு முன்னால மூச்சு முட்டறவங்களைத்தான் அங்க உள்ள எடுக்கறாங்க. போன்ல கேட்கறவங்களை இல்லை. வண்டி கிடைக்குங்களா?

– கம்பெனியில பனியன் பீஸ் ஏத்துற ஆட்டோ நிக்கிது. ஐயாகிட்டக் கேக்குறேன். குடுப்பாரு.

– வழியில போலீஸ் மறிச்சா என்ன பண்ணுவீங்க?

– மறிக்கட்டும். அவளத் தூக்கி அவுக மடியில வச்சிருவேன்.

*

– அண்ணா, தேஜஸ்ரீங்க. உள்ள எடுத்துட்டாங்களா?

– வாசல்ல நிக்கிறோம். காலையில பத்து மணிக்கு வந்தோம். இப்ப மணி மூணு.

– அக்கா எப்படி இருக்கறாங்க?

– பனியன் துணிய மடிச்சு மெத்தையாப் போட்டு, வண்டிக்குள்ள படுக்க வச்சிருக்கேன். என்னா வெயிலு! வந்தப்ப எங்களுக்கு முன்னாடி ஒம்பது வண்டி. அம்புட்டும் ஆம்புலன்ஸு. தகர டப்பா கணக்கா எங்க வண்டி ஒண்ணுதான். யாரோ கொஞ்சம் பையங்க ரோட்டோரத்துல சாமியானா போட்டு, சிலிண்டரு வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வண்டிக்கு வண்டி கால்மணி நேரம் மாத்தி மாத்தி மாட்டுறாங்க. அதுலதான் இவ உசுரு நிக்கிது.

– கவர்மென்ட்ல போட்டதுங்களா?

– கவர்மென்ட்டா? அவங்க சொந்தமாச் செய்யிறாங்க தாயி. கவர்மென்ட்டு கேட்டுக்கு உள்ளாற இருக்கு. ஒரு வாட்ச்மேன நிக்க வச்சிருக்கு. அவன் என்ன பண்ணுவான் பாவம். எல்லாரும் அவன் சட்டையத்தான் பிடிக்கிறோம். நானும் பிடிச்சேன்.

– எதுக்குங்கண்ணா?

– உள்ள விடலைன்னுதான். அவன் திருப்பி அடிக்கல. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவனுக்கு. எங்கப்பா வயசு இருக்கும்.

– அப்புறம் என்னாச்சுங்க?

– வண்டிக்கு வந்து உக்காந்துட்டேன். தாயி, ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயாச்சும் சொல்லணும்.

– சொல்லுங்கண்ணா.

– சித்த முன்னாடி, எங்களுக்கு முன்னால நின்ன வண்டி ரிவர்ஸ் எடுத்துச்சு. பெட்டு கெடச்சா உள்ளாறதான போகணும், இது எதுக்குப் பின்னால வருதுன்னு பார்த்தேன். அதுல இருந்த அம்மா முடிஞ்சு போச்சு. அவுக மகன் என்னைத் தாண்டித்தான் போனான். பெருமாநல்லூர்காரன். காலையில இருந்து ரெண்டு பேரும் ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சோம்.

– அய்யோ.

– வண்டி போனதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஸ்டார்ட் பண்ணி அந்த எடத்துல கொண்டு போயி நிறுத்துனேன். நிறுத்திட்டு, பாண்டியம்மா, ஒரு எடம் முன்னுக்கு வந்துட்டோம்டின்னு சொல்றேன். சந்தோசமாச் சொல்றேன் தாயி! அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியல.

– நீங்க என்ன பண்ணுவீங்கண்ணா.

– மனுசன இப்படி ஆக்கிட்டாங்களே. கொரோனா வந்தது யார் குத்தமும் இல்ல. ஒத்துக்கிறேன். அடுத்தவன் ஆத்தா செத்தா நம்ம ஆளு பொழைக்கும்னு என்னய நெனைக்க வச்சாங்க பாரு, அத எதுல சேர்க்க?

– அண்ணா, அழுவாதீங்க... அண்ணா? லைன்ல இருக்கீங்களா?

– இரு, இரு. கேட்டத் தொறக்கிறாங்க. கைய ஆட்டுறாங்க, எங்க வண்டியத்தான். வச்சிர்றேன் தாயி!

*

– யாருங்க? இது புது நம்பரா இருக்கு.

– தேஜஸ்ரீங்கண்ணா.

– அட, தாயி! ரெண்டு நாளா உன் போனே வரலையேன்னு நெனச்சேன். வேற ஒரு பையன்தான் கூப்பிட்டான். காய்ச்சல் இருக்கா சாருன்னான். உங்களுக்கு இருக்கா தம்பின்னேன். பயந்து வச்சுட்டான்.

– அக்கா எப்படிங்க இருக்கறாங்க?

– பொழைச்சுக்கிட்டா. வராந்தாவுலதான் படுக்க வச்சிருக்காங்க, இருக்கட்டும். காத்து வருது, ஆக்சிஜன் வருது. காலையில தொண்ணூத்தி நாலு. ரெண்டு இட்லி தின்னா, நானும் ஒண்ணத் தின்னேன். பல்லு விளக்காமத் தின்னியான்னு என்னையப் பார்த்துக் கேட்டா பாரு, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

– நல்லதுங்கண்ணா.

– இன்னொரு கூத்தக் கேளு. நேத்து அவ ரிப்போர்ட் வந்துருச்சு. நெகட்டிவாம்! நுரையீரல் பாதி போச்சுன்னு ஸ்கேன்ல காட்டுது, இவளுக்கு ஒண்ணுமே இல்லைன்னு பேப்பர் வருது. டாக்டரு பார்த்துட்டு அந்தப் பேப்பர மடிச்சு ஓரமா வச்சுட்டாரு. நல்ல மனுசன். நீ அன்னைக்கு அந்த மாடிப்படியில நின்னு சொல்லலைன்னா, பேப்பர் வருமுன்னு நான் வீட்லயே உக்காந்திருப்பேன். சண்டாளின்னு வேற உன்னைத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காத.

– அதெல்லாம் இல்லீங்கண்ணா.

– என்ன தாயி, குரலே ஒரு மாதிரி இருக்கு? என்கிட்டச் சொன்னதுக்கு வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?

– இல்லீங்க. நானாத்தான் போகலை. ஊட்டுல இருக்கறேன். குன்னத்தூருங்க எங்க ஊரு.

– ஏன், உனக்கும் காய்ச்சலா?

– எங்கப்பாவுக்குங்கண்ணா. எழுபத்தொம்பது காட்டுதுங்க. எங்க கன்ட்ரோல் ரூமுக்குத்தான் விடியக்காலையில இருந்து அடிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறாங்க... இப்ப நான் என்ன பண்ணோணும்னு நீங்க சொல்லுங்கண்ணா.