செதிலைச் சங்கு என்று சொன்னது நான்

என் பெயர் எழில்மொழி. வயது 29. தகப்பனார் பெயர் டில்லிபாபு, காலமாகிவிட்டார். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு, பதினான்காவது பிளாக், இரண்டாவது மாடியில் தாயார் கெங்கம்மாவுடன் குடியிருந்து வருகிறேன். ‘அலைமணி’ என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் கைவினை நகைகள் விற்கிறேன். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த திருமதி பத்மாசனி கொடுத்த புகார் மனு தொடர்பாக இந்த மாதம் 11ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் முக்கியமான விஷயம் பொய். அதைத் திருத்திச் சொல்ல இன்று நானாகவே வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

நான் பி.காம். முடித்துவிட்டு தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். அங்கே மதியம் சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். என் மேல் மீன் வாடை வருகிறது என்று கூட வேலை செய்த ஒருவர் மேலாளரிடம் சொன்னது பிறகு எனக்குத் தெரியவந்தது. தினமும் இரண்டு முறை குளித்துவிட்டுப் போனவள் நான். அதன் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் பிளாக்கில் கீழ் வீட்டில் இருப்பவர் கௌசர், வயது சுமார் 45. அக்கா என்று கூப்பிடுவேன். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறார். கொடுவா மாதிரி பெரிய மீன்களின் செதிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புத் தண்ணீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்துக் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, சாயம் ஏற்றி, மெல்லிய கம்பியில் கட்டிப் பூவாக்குவார். முதலில் தன் மகளுக்காக ஒரு கம்மல்தான் செய்தார். அந்தக் கம்மலைப் பார்த்து, இதை விற்கலாம் என்று சொன்னது நான். அதன் பிறகு அவர் செய்தார், நான் போட்டோ எடுத்துப் போட்டு விற்றேன். வந்ததை இருவரும் சரிபாதியாக எடுத்துக்கொண்டோம்.

இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்த அன்று, என்ன பொருள் என்று எழுதுவது என்ற பேச்சு வந்தது. கௌசர் அக்கா, “செதிலுன்னே போடு எயிலு. அதுல இன்னா கேவலம் கீது?” என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, ‘கடல் ஒதுக்கிய சங்கிலிருந்து, கையால்’ என்று போட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் எடுத்தால் படத்தில் பின்னால் தொழிற்சாலைப் புகைபோக்கி விழுகிறது என்று இரண்டு பஸ் மாறி பெசன்ட் நகர் போய் போட்டோ எடுத்தேன். கௌசர் அக்காவின் விரல்களில் கத்தி பட்ட தழும்புகள் உண்டு. அதனால் அவர் செய்த பூவை என் கையில் வைத்துப் படம் எடுத்து, நானே செய்தது போல் எழுதினேன்.

அதன் பிறகு ஐப்பசியில் மனுதாரரின் மகள் தன் கல்யாணத்துக்காகக் கம்மலும் தலையில் வைக்கும் பூ செட்டும் கேட்டார். அதில் ஜீவன் எதுவும் சம்பந்தப்படவில்லையே என்று தெளிவாகக் கேட்டு மெசேஜ் அனுப்பினார். கரையில் ஒதுங்கிய வெறும் சங்குதான் என்று பதில் போட்டேன். பெருமாள் கையில் இருப்பது, ரொம்ப சந்தோஷம் என்று அவர் எழுதினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதில் மெசேஜில் ஒரு கும்பிடு பொம்மை மட்டும் அனுப்பினேன்.

அந்த வாரம் விடாத மழை. செதில் மாடியில் காயவில்லை, ஃபேனுக்கு அடியில் போட்டோம். கௌசர் அக்கா, “இன்னும் ரெண்டு நாளு காயட்டும், அவசரப்படாத” என்றார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேராது என்று நான் கேட்கவில்லை. வாடை வருகிறதா என்று நானே மோந்து பார்த்தேன். அம்மாவிடம் கொடுத்தேன். “இன்னா வாசன? ஒண்ணியும் காணோமே” என்றார். கூரியர் கடை மணியிடமும் காட்டினேன், அவரும் இல்லை என்றார். நாங்கள் மூன்று பேரும் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் மூக்கை நம்பி அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்தன்று ஹோமத்துக்கு முன்னால் பெண் உட்கார்ந்திருந்தபோது, சூட்டிலும் வியர்வையிலும் பூ சுருண்டு மீன் வாடை வந்திருக்கிறது. பெண்ணை மணையிலிருந்து எழுப்பி, தலைக்குக் குளிக்க வைத்து, மறுபடி உட்கார வைத்தார்கள் என்று மனுவில் உள்ளது. அது உண்மையாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். “நான் சண்டை போடலக்கா. அது என்னன்னு மட்டும் சொல்லிடுங்கோ” என்றார். அப்போதும், சங்குதான் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு மனு வந்து, 11ஆம் தேதி என்னை இங்கே விசாரித்தபோது, பொருளைக் கொடுத்தது கௌசர், சங்கு என்று சொல்லித்தான் கொடுத்தார், எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். மறுநாள் அவரையும் என்னையும் சேர்த்து அழைத்தார்கள். அவர் வேலையிலிருந்து நேராக வந்தார், முழங்கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. என் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியதும், “நான் அப்டி சொல்லல மேடம்” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர் பேரில் வழக்கு வரலாம் என்று தெரிந்தும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். “எம்மேல போட்டது கூட போவட்டும் எயிலு. செதில நான் சங்குன்னு சொன்னேன்னு எய்தி வெச்சிக்கீறியே. முப்பது வருசமா மீன் வெட்டறேன், செதிலு தெரியாதவளா நானு?” என்றார். அதன் பிறகு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன். இன்றுவரை என்னிடம் பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சங்கு என்பதை எடுத்துவிட்டு மீன் செதில் என்றும், செய்தவர் கௌசர் என்றும் எழுதிவிட்டேன். பொருளைப் பற்றிச் சொன்ன பொய், காயாமல் அனுப்பியது, அவர் மேல் பழி போட்டது எல்லாமே என் செயல்.

கௌசர் அவர்களுக்குச் செதில் எது, சங்கு எது என்று நன்றாகத் தெரியும் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். அது விசாரணைக்குத் தேவைப்படாது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். தேவை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கௌசர் அவர்களைப் பற்றிய கடைசி வரியை மட்டும் மறுபடி ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
டி. எழில்மொழி