பச்சை விளக்கு எரிந்தது

மின்பலகையில் பற்றவைத்த ஈயம் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று அறிய எல்லோரும் ஈயத்தைத்தான் பார்க்கிறார்கள். பாகத்தின் கம்பிக்காலைப் பார்க்க வேண்டும். கால் சூடேறாமல் ஈயம் மட்டும் உருகினால், அது காலைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும், பிடிக்காது. வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. எங்கள் ஆய்வகத்தில் இதைப் பொய் ஒட்டு என்போம்.

முதல் பொய் ஒட்டு தெரியாமல் நடந்தது. அதிலிருந்தே சொல்கிறேன்.

கடைசி வருடத்தில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். காட்டினால்தான் பட்டம். வகுப்பில் எல்லோரும் ஜோடி சேர்ந்த பிறகு நான் மிஞ்சினேன். எப்போதும் அப்படித்தான், அதில் எனக்குக் குறை இல்லை. லியாவ் ஹான்-லின் தெற்கே ஒரு கல்லூரியிலிருந்து மாறி வந்தவன். அவனும் மிஞ்சினான். என் மேசைக்கு வந்து நின்றான்.

"உனக்கும் ஆள் இல்லையா? அப்பாடா. நான் ஈயம் வச்சா காக்கா எச்சம் மாதிரி இருக்கும். நீ வை. வாய் பேசற வேலைய நான் பாத்துக்கறேன்."

மின்சுற்றை அவன் வரைந்தான். நான் பற்றவைத்தேன். எரிவாயுவில் எரியும் வெந்நீர்க் கருவியிலிருந்து வரும் நச்சுப்புகையை உணர்ந்து கத்தும் அலாரம். அந்தப் புகைக்கு நிறமில்லை, மணமில்லை. தைப்பேயில் குளிர் இறங்கினால், பால்கனியை அடைத்து அதற்குள் வெந்நீர்க் கருவி மாட்டிய வீடுகளில் யாராவது எழுந்திருக்காமல் போவார்கள். மொட்டைமாடியில் தகரம் போட்டு எழுப்பிய அவனுடைய வாடகை அறையும் அப்படித்தான். அதனால்தான் அலாரம் என்று அவன் முடிவு செய்தான்.

குவாங்ஹுவா சந்தையில் பேரம் பேசிப் பாகங்கள் வாங்கினான். கூடவே ஒரு பச்சை நொறுக்குத் தீனிப் பொட்டலம். இந்த ஊரில் எந்த இயந்திரத்தின் மேலும் அது இருக்கும். அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்றுதான் பொருள்.

"பச்சைதான் வைக்கணும், ஆ-யாவ். மஞ்சள் வச்சா மெஷின் படுத்துரும். பசிக்குதுன்னு பிரிச்சுத் தின்னுராத."

ஆ-யாவ் என்றது என்னைத்தான். நான் தின்னவில்லை. இப்படிப்பட்ட விஷயங்களை நான் மதிக்கிறவன்.

பலகையை முடித்து மின்சாரம் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மாலையில் தலையோடு தலை சேர்த்துத் தேடினோம். அவன் மீட்டரைப் பிடித்துக்கொள்வான், நான் அதன் முனைகளை ஒவ்வொரு காலிலும் வைப்பேன். அந்த வாரம் என் பெயரை ஒருவர் தினமும் சொன்னார். பிறகு பொய் ஒட்டைக் கண்டுபிடித்தோம். மறுநாள் அவன் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த பொய் ஒட்டை நானே வைத்தேன். அதற்கடுத்ததையும். எல்லாவற்றையும் சேர்ந்தேதான் தேடினோம். பெரும்பாலும் அவனையே கண்டுபிடிக்க விட்டேன்.

"பச்சைப் பொட்டலம் வச்சும் இது ஊமையாவே இருக்குன்னா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் ஏதோ பாவம் பண்ணிருக்கான்டா" என்றான்.

"நீதான்" என்றேன். நிறையச் சிரித்தான்.

இலையுதிர் காலத்தில் அவனுக்கு ஷின்சூவில் ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொன்னது. அவன் வாழ்வில் பெய்-ஷான் என்ற பெண்ணும் வந்தாள். கருவி தேறினால் அவன் போய்விடுவான். தேறாவிட்டால் இன்னும் அரை வருடம் என் மேசையில் இருப்பான். ஆகவே ஒலிப்பானின் இரண்டு கால்களில் ஒன்றைச் சூடாக்காமல் ஈயம் வைத்தேன். நான் செய்ததிலேயே நேர்த்தியானது அது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் விரலின் அழுத்தத்தில் பலகை லேசாக வளையும், கால் தொடும், அலாரம் கத்தும். விரல் இல்லாமல் புகை மட்டும் வந்தால் கத்தாது. தேர்வன்று புகைதான் காட்டுவார்கள்.

ஆனால் பேராசிரியர் வூ, தேர்வுக்கு முன் கருவியை ஒரு வீட்டில் மாட்டிப் பார்க்கச் சொன்னார். "என் ரூம்லயே மாட்டறேன், சார்" என்றான் ஹான்-லின். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மாட்டுவதற்கு நானும் போனேன். பால்கனிச் சன்னலை ஒரு கையளவு திறந்து, மூடிக்கொள்ளாமலிருக்க இடையில் பழைய செருப்பைச் செருகியிருப்பான். குளிர்காலத்திலும் அப்படித்தான். அன்று செருப்பை உருவி எடுத்தான்.

"இனிமே நடுங்க வேண்டியதில்ல. அதான் அலாரம் இருக்கே." சன்னலை அடைத்தான். பொத்தானை அழுத்தினான். கத்தியது.

பெய்-ஷான் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நிறுத்துங்க. கீழ் வீட்டுத் தாத்தா செத்துப் போயிடப் போறாரு."

அலாரத்தின் மேல் பச்சைப் பொட்டலத்தை வைத்தோம். சன்னலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுடைய அறை.

குளிர் நன்றாக இறங்கிய அன்று, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அழைத்தான்.

"தலை வலிக்குதுடா. சளி பிடிச்சிருக்கும்போல. அலாரம் ஒழுங்கா வேலை செய்யுதில்ல?"

"பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது. பொத்தானையும் அழுத்திப் பாத்துட்டேன். கத்துச்சு."

பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பெய்-ஷான் குளித்துக்கொண்டிருந்தாள். ஆக, வெந்நீர்க் கருவி எரிந்துகொண்டிருந்தது, சன்னல் மூடியிருந்தது, அவனுக்குத் தலை வலித்தது. இதெல்லாம் சேர்ந்தால் என்ன பொருள் என்பது எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதியவன் நான்தான்.

"அப்ப சரி. காலைல கழட்டி எடுத்துட்டு வா. சேர்ந்து ஒருதடவை பாத்துடலாம்."

"சரி, வாத்தியாரே. எனக்கும் சோயாப் பால் வாங்கி வை."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பச்சை விளக்கு எரிந்தது. அது மின்சாரம் வருவதை மட்டும் காட்டும் விளக்கு. சுற்றை வரைந்தவனுக்கு அது தெரியாதா.

பெய்-ஷான் குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். பிறகு அவன் குளித்திருக்கிறான். காலையில் கதவைத் திறந்து அவனைக் கண்டது அவள்தான். நான் அப்போது மேசையில் இருந்தேன். இரண்டு சோயாப் பால், முட்டை வைத்த அடை. பற்றவைக்கும் சூட்டுக்கோலையும் தயாராக வைத்திருந்தேன். காலைச் சூடாக்கி ஈயத்தைத் தொட்டால் முடிந்துவிடும் வேலை. பால் ஆறும்வரை காத்திருந்தேன். வராமல் போனவன் அவன்தான்.

உங்கள் காவல் நிலைய ஆட்கள் பொத்தானை அழுத்திப் பார்த்து, அலாரத்தில் பழுதில்லை, அவன் தூக்கத்தில் கேட்டிருக்க மாட்டான் என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாகவே வந்தேன். அந்த ஒட்டை யாருமே கண்டுபிடிக்காமல் விடுவது சரியில்லை.

பலகையையும் ஒரு மீட்டரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மீட்டரை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். எந்தக் கால் என்று உடனே சொல்ல மாட்டேன். சேர்ந்தே தேடுவோம். இன்று எனக்கு வேறு வேலை இல்லை.