தட்டைத் தலைக் குஞ்சு

கொண்டைக்கோழி வளர்ப்பவன் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, பேசிக்கொண்டே நடப்பது. தலையில் சிவப்புச் சதையோடு திரியும் கோழியைச் சொல்லவில்லை. தலை முழுக்க இறகு செண்டுபோல் விரிந்து கண்ணை மறைத்திருக்குமே, அந்த அழகுக்கோழி. அதற்குத் தன் காலடி மட்டும்தான் தெரியும். சத்தம் கொடுக்காமல் கிட்டே போனால் பதறிச் சுவரில் மோதும். அதனால் நானும் மனைவியும் கூண்டுப் பக்கம் போகும்போது எதையாவது பேசிக்கொண்டே போவோம்.

நீங்கள் அவளைப் பற்றிக் கேட்டீர்கள். கோழிகளை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

என் கோழிகளுக்கு நிறம் நன்றாக அமைந்திருந்தது. மழைமேகச் சாம்பல், ஒவ்வொரு இறகுக்கும் கருப்புக் கரை. உடம்புதான் போதவில்லை. கண்காட்சியில் நடுவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள், ஒடுங்கிய நெஞ்சைத் தடவுவார்கள், கீழே வைத்துவிடுவார்கள். அதற்காகவே வெளியிலிருந்து ஒரு சேவல் கொண்டுவந்தேன். அகன்ற நெஞ்சு, நேரான முதுகு. கொண்டை கொஞ்சம் சிறியது. உடம்புக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மனைவி அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். கண்காட்சிக்கு முன் கோழிகளின் தலையைக் கழுவி, படுக்கையறையில் வைத்து, முடி உலர்த்தும் கருவியால் உலர்த்துவது அவள் வேலை. அறையெங்கும் மாவுபோல இறகுத்தூள் பறக்கும்.

"என் தலையை ஒருநாளாவது இப்படிக் காய வெச்சிருக்கீங்களா? பேசாம துரைக்கே வாழ்க்கைப்பட்டிருக்கலாம்" என்பாள்.

துரையின் மகள்கள் வளர்ந்ததும் அவற்றைத் துரையோடே சேர்த்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். நல்ல உடம்பு வம்சத்தில் நிலைக்க வேறு வழியில்லை. முட்டைகள் பொரிந்தன. கொண்டைக்கோழிக் குஞ்சுக்குப் பிறந்த அன்றே உச்சந்தலையில் ஒரு புடைப்பு இருக்கும்; பிறகு கொண்டை வளர்வது அதில்தான். ஒரு குஞ்சுக்கு அது இல்லை. தலை தட்டையாக இருந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் இறகுக் கொண்டை இல்லாத சாதாரணச் சேவல் ஒன்று உண்டு. எங்கள் மதில்மேல் நின்று கூவும். மனைவி அதற்குத் தானியம் போடுவாள். கூண்டைப் பெருக்குகிறவளும் அவள்தான். பின்கதவின் தாழ்ப்பாள் அவள் பொறுப்பு. வேற்றுச் சேவல் ஒருமுறை சேர்ந்தால் போதும், பிறகு வாரக்கணக்கில் எந்த முட்டையையும் நம்ப முடியாது.

"பின்கதவைத் திறந்து வெச்சியா?"

"இல்லையே."

"அந்தச் சேவல் உள்ள வந்துச்சா?"

"வந்திருந்தா துரை சண்டைக்குப் போயிருக்காதா? எங்க, கண்ணு தெரிஞ்சாத்தானே போகும்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. தட்டைத் தலைக் குஞ்சை நான் வைத்துக்கொள்வதில்லை. அதை முக்க வாளியில் தண்ணீர் எடுத்து வந்தேன். அதற்குள் அவள் குஞ்சைத் துண்டில் சுற்றித் தையல்காரர் வீட்டில் கொடுத்துவிட்டாள். அப்பன் வீட்டுக்கே அனுப்பிவைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தப்பு செய்யாதவளுக்கு அதன்மேல் ஏன் அவ்வளவு அக்கறை? அன்றே பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெருக்க வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவளுக்கு இருமல் அதற்கு முன்பே இருந்தது. பிறகு மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார்:

"கோழித் தூசிதான் காரணம். நுரையீரல் தடிச்சுக்கிட்டு வருது. ஒண்ணு கோழிங்களை அனுப்பிடுங்க, இல்லன்னா இவங்களை வேற வீட்டுல வைங்க. இப்பவே செஞ்சா சரியாகிடும், விட்டா உயிருக்கே ஆபத்து."

திரும்பி வரும்போது, "என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"சளிதானாம்."

அவளுடைய அண்ணன் உங்களிடம் சொன்னது சரி. டாக்டர் என்னிடம் தெளிவாகவே சொன்னார். எனக்குத் தெளிவாகவே புரிந்தது.

கோழிகளுக்காக அவளைக் கொன்றேன் என்று மச்சான் நினைக்கிறார். அப்படியில்லை. கோழிகளை விற்க நான் தயாராக இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் தீராமல் அவற்றை விற்றால், என் வம்சத்தைக் கெடுத்தது யார் என்று கடைசிவரை தெரியாமல் போய்விடும். அவள் முதலில் உண்மையைச் சொல்லட்டும், டாக்டர் சொன்னதை நான் அடுத்த நிமிடமே சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு பேரிடமும் ஒவ்வொரு உண்மை இருந்தது.

தலை உலர்த்தும் வேலையை அவளிடமிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டேன். முதலில் கோபப்பட்டாள். பிறகு கோபப்பட மூச்சு போதவில்லை. கடைசியாக அவள் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள்.

"ஏங்க, திறந்தேன்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

"உண்மைன்னா சொல்லு."

"உண்மை இல்லையே" என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து, இந்த வயதில் இப்படியா என்றார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. மறுநாளும் கோழிகளுக்குத் தீனி வைத்தேன். பேச ஆளில்லாததால் அவை சுவரில் மோதின.

அடைகாக்கும் இயந்திரத்தில் வைத்திருந்த முட்டைகள் பிறகு பொரிந்தன. பூட்டுப் போட்டு மாதங்கள் ஆகியிருந்தன; சாவி என் பையை விட்டுப் போனதே இல்லை. அதிலும் இரண்டு குஞ்சுக்குத் தலை தட்டை. துரையின் ரத்தத்தில் ஒளிந்திருந்த குறை, மகள்களிடம் இறங்கி, தகப்பனோடு சேர்த்ததும் வெளியே வந்திருக்கிறது. அந்தச் சிறிய கொண்டையைப் பார்த்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். நான் கல்லூரியில் படித்ததே விலங்கியல். தேர்வில் இதையே எழுதியிருக்கிறேன்.

துரை இன்னும் கூண்டில்தான் இருக்கிறது. நல்ல உடம்பு.

ஆக, டாக்டர் சொன்னதை மறைத்தேன். அவள் சாவாள் என்று தெரிந்தே மறைத்தேன். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அவள் கதவைத் திறக்கவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று, திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காப்பாற்றியிருப்பேன். அவ்வளவு பிடிவாதம் ஒரு மனுஷிக்கு ஆகாது.