நீங்களும் சேர்ந்தால்

— ஒட்டினது ஒட்டினபடியே இருக்கே! பிரிக்காத கடிதத்தை மொழிபெயர்க்க நான் என்ன ஜோசியக்காரனாம்மா?

— நீங்களே பிரிச்சிருங்க சார். எனக்குப் பயமா இருக்கு.

— பாருங்கம்மா, ஃப்ரெஞ்சுல கடிதம் வந்தா முக்காவாசி பென்ஷன் ஆபீஸ்தான். பயப்பட ஒண்ணுமில்ல. ஃப்ரான்ஸ்ல யாரு இருக்காங்க?

— தாத்தா இருந்தார். சமையல்காரரா கப்பலேறிப் போனவர், அங்கேயே செத்துட்டார். அப்புறம் யாருமில்ல. ஆனா இது மூணாவது கடிதம் சார்.

— முதல் ரெண்டு?

— முதல்ல வந்ததை அப்பா படிச்சார். அடுத்த செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தவர், எழுந்திருக்கவே இல்ல. ரெண்டாவதை அண்ணன் படிச்சான். மூணே நாள். மாடிப்படில கால் தவறிடுச்சு.

— அடடா... காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைம்மா இது. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க.

— உங்க வீட்ல யாரெல்லாம் சார்?

— நானும் இந்த மேசையும்தான். ஒண்டிக்கட்டை. ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான். பிரிங்க சார்.

— ம்... அட, ஒரே ஒரு வரி! பேர் இல்ல, தேதி இல்ல, கையெழுத்தும் இல்ல. ‘அவர்களும் நீங்களும் இங்கே வசிக்கிறீர்கள்.’ அவ்வளவுதான்.

— ‘வசிக்கிறார்கள்’னு இருக்காதா சார்? நல்லாப் பாருங்க.

— பாருங்கம்மா, இருபது வருஷம் ஃப்ரெஞ்சு வாத்தியாரா குப்பை கொட்டினவன் நான். அவங்க மட்டும் வசிக்கிறாங்கன்னா ஃப்ரெஞ்சுல ‘அபித்’. கூட ‘நீங்க’ன்னு ஒரு ஆள் சேர்ந்தாப் போதும், வினைச்சொல் அப்படியே உங்க பக்கம் சாஞ்சு ‘அபித்தே’ ஆயிடும். நம்ம தமிழ்லயும் அதானே? ‘அவங்களும் நீங்களும் வசிக்கிறாங்க’ன்னு யாராவது சொல்வாங்களா?

— அப்ப, தப்பா எழுதல.

— சுத்தமான இலக்கணம். எழுதினவர் தெரிஞ்சுதான் எழுதியிருக்கார்.

— அப்பா வாய்விட்டுப் படிச்சதுல ‘அவரும் நீங்களும்’னு இருந்துச்சு சார். அண்ணன் படிச்சதுலதான் ‘அவர்களும்’னு ஆச்சு. ரெண்டுலயும் பேரே இல்ல.

— ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா, குளிருது.

— ஃபேன் ஓடலியே சார்.

— ஓடலியா? ...வயசாச்சு, வேறென்ன.

— அந்த ‘நீங்க’ யாரு சார்?

— பேர் போடாத கடிதத்துல படிக்கிறவங்கதான் ‘நீங்க’. அதாவது... உங்களைத்தாம்மா சொல்றாங்க. உங்க வீட்டுக்கு வந்த கடிதம்தானே.

— நான் படிக்கலியே சார்.

— படிக்கத் தெரியாமத்தானேம்மா என்கிட்ட கொண்டு வந்தீங்க?

— ஃப்ரெஞ்சு எனக்கு நல்லாவே தெரியும் சார். மன்னிச்சிருங்க, நான் கைக்குழந்தைக்காரி.