நீட்டிய கைக்கு அடியில்

மத்தியானம் இரண்டரை மணி. சிரிக்காதீர்கள். ராத்திரியில்தான் வர வேண்டும் என்று பேய்க்கு யாராவது நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்களா என்ன? இது பட்டப்பகலில் நடந்தது. ஊருக்கு வெளியே, ஏரிக்குப் போகிற சாலை. காலையில் கொட்டித் தீர்த்த மழை விட்டு, சுள்ளென்று வெயில். ஈ காக்கை இல்லை. அந்தச் சாலையில் தன்னந்தனியாக பைக்கில் போய்க்கொண்டிருந்தார் ஒரு கல் சிற்பி. என் சிநேகிதனுடைய சகலை. ஆயுளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார் என்பான் சிநேகிதன். அந்த ஒன்று போதாதா? ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்.

ஏரிக்கரையில் கருங்கல் சிற்பக் கண்காட்சி. திறந்தவெளி. இருபத்திரண்டு சிலைகள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம், எல்லாம் கையால் செதுக்கியவை. நம் ஆளுடையது, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வலது கையை முன்னால் நீட்டியிருப்பாள், யாருக்கோ நிழல் கொடுப்பதைப் போல. வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கைக்கு அடியில் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். முழங்கையிலிருந்து விரல் வரை மட்டும் முந்நூறு கிலோ இருக்கும்.

அன்று மழைக்காகக் கண்காட்சிக்கு விடுமுறை. காவலாளி போன் செய்திருந்தார்.

"சார், உங்க சிலையை யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க. கிட்டப் போனா ஆளைக் காணோம்."

"எப்படித் தட்டுறாங்க?"

"மூணு தட்டு சார். அப்புறம் சத்தமே இல்ல. காது வச்சுக் கேக்குற மாதிரி... திரும்ப மூணு தட்டு."

சிற்பி உடனே பைக்கை எடுத்தார். அப்படித் தட்டுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் செத்து நாற்பது நாள் ஆகிறது.

அவருடைய மனைவியின் தம்பி. பட்டறையில் அவனுக்குக் காதன் என்று பெயர். சின்னச் சுத்தியலால் கல்லை மூன்று தட்டு தட்டுவான். கன்னத்தைக் கல்லில் ஒட்டி, கண்ணை மூடிக் கேட்பான். நல்ல கல் ணங்கென்று பாடும். உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காதன் சொன்னால் சொன்னதுதான். அவன் வேண்டாம் என்ற கல்லை யாரும் தொட மாட்டார்கள்.

அந்தப் பெண் சிலையின் முழங்கையைத் தட்டிவிட்டு அவன் முகம் சுருங்கியது.

"மச்சான், இந்த இடம் செத்துக் கிடக்கு. கையை நீட்ட வேணாம். மடக்கிடலாம்."

ஐந்து மாத வேலை. கண்காட்சிக்குப் பதினெட்டு நாள். கையை மடக்கினால் சிலையே வேறு. நம் ஆள் சிரித்தார்.

"முதல்ல உன் காதுல இருக்குற அழுக்கை எடுடா."

காதனும் சிரித்துவிட்டுக் கைக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்தான். அடிப்பக்கத்தைச் செதுக்க வேண்டும் அல்லவா? அரை மணி நேரம் உளிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தம்... அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

தூக்கும்போது சங்கிலி நழுவி வேறொரு பாறை விழுந்துவிட்டது என்றார் சிற்பி. எல்லாரிடமும் அதையேதான் சொன்னார். மனைவியிடமும். மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பட்டறைக்குப் போய், உடைந்த கையைக் கழுவினார். உள்ளே இரும்புக் கம்பி கொடுத்து, கல் தூளைப் பசையில் குழைத்து ஒட்டினார். தேய்க்கத் தேய்க்க ஒட்டு மறைந்தது. தேய்க்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது யார் தெரியுமா? அவர் மனைவி. தம்பியைக் கொன்ற கல்லுக்கு, தெரியாமல், தன் கையாலேயே. இது அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற ஒரே பயத்தில்தான் மனுஷன் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்தார்.

இரண்டே முக்காலுக்குக் கண்காட்சி வாசலில் பைக்கை நிறுத்தினார். காவலாளியைக் காணோம். நாற்காலி மட்டும் கிடந்தது. இருபத்தோரு சிலைகளும் வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தன. அவருடைய பெண்ணும் காய்ந்துதான் இருந்தாள்... முழங்கையைச் சுற்றி வளையல் போட்டதைப் போல ஒரு கறுப்புக் கோடு மட்டும் ஈரமாக நின்றது. கல்லில் விரிசல் இருந்தால் அப்படித்தான். மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் அது காயாது.

ணங். ணங். மொத்.

அப்புறம் அமைதி. தைல வாசனை வந்தது. காதன் மணிக்கட்டு வலிக்குத் தடவுகிற அதே தைலம், சூடான கல் தூளோடு கலந்து.

அவர் குனிந்து பார்த்தார். கைக்கு அடியில், மல்லாக்க, ஒரு குழந்தை படுத்திருந்தது. அவருடைய ஐந்து வயது மகள். வீட்டில் இருக்க வேண்டியவள்.

"பாப்பா! வெளியே வா! வாடா கண்ணு!"

"உஷ்..." என்றாள் அவள். "நகரக் கூடாதுன்னு மாமா சொல்லிருக்காங்க. இங்கதான் ஜில்லுன்னு இருக்குப்பா."

ணங். ணங். மொத். இப்போது அவள் முகத்துக்கு நேர் மேலே. பொடிப் பொடியாகக் கல் தூள் அவள் நெற்றியில் உதிர்ந்தது. அவர் மண்ணில் விழுந்து, தவழ்ந்து போய், அவள் காலைப் பிடித்து இழுத்தார். ஒரு விநாடி... அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ பிடித்து இழுப்பதைப் போல இருந்தது, அவள் அசையவில்லை. பிறகு அந்தப் பிடி விட்டுவிட்டது.

கை விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அவர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். பைக்கில் உட்கார வைக்கும்போதுதான் கவனித்தார். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர், வழியெல்லாம் சேறு. அவள் பாதத்தில் ஒரு துளி சேறு இல்லை.

வழி நெடுக அழுதுகொண்டே வந்தார். போதும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான். மனைவி அடிக்கட்டும், விட்டுவிட்டுப் போகட்டும், போலீசில் சொல்லட்டும். குழந்தை பிழைத்தால் போதும்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று ஒன்று விடாமல் சொன்னார். விரிசலை, சிரித்ததை, ஒட்டியதை, அவள் ஊற்றிய தண்ணீரை. அவள் ஒரு சட்டையின் கையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தெரியும்."

"தெரியுமா? யார் சொன்னது?"

"அவனேதான். தினம் மத்தியானம் நீங்க போன பிறகு வருவான். நெஞ்சு மேல கனமா இருக்குக்கா, தூக்கி விடேன்னு அழுவான். நான் எங்கேருந்து தூக்குறது?"

சிற்பியின் கையிலிருந்து குழந்தை நழுவி இறங்கியது.

"தனியா இருக்க முடியலயாம்" என்றாள் அவள். "பாப்பாவை அனுப்பு, அனுப்புன்னான். பத்து நாளா மாட்டேன்னுதான் சொன்னேன். கூடப் பொறந்தவன். எத்தனை நாளைக்கு இல்லேன்னு சொல்றது?"

"நீயா... நீயா அனுப்பினே?"

அவள் அலமாரியிலிருந்து சீப்பை எடுத்தாள். "இங்க வாடி, தலையெல்லாம் தூசி" என்று கூப்பிட்டாள். குழந்தை ஓடிப் போய் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அவள் பின்னலைப் பிரித்து, சிக்கெடுத்து, பொறுமையாக வாரத் தொடங்கினாள்.

"நாளைக்குச் சீக்கிரமே வந்துடுவேன்னு சொல்லிருக்கான்."