பிரேசர் வீட்டுத் துணி

ஹலோ... அண்ணை? நான் ஞானரட்ணம்... ஓம், ஓம், லண்டன் பிளேஸ்டோவிலயிருந்துதான். கொஞ்சம் மெதுவாத்தான் கதைப்பன், மகள் மேல அறையில நிக்கிறாள்... இல்லை, ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை. சுலோவின்ர கலியாண விசயம்தான்... ஓம், சனிக்கிழமை. அதுதான் பயமாக் கிடக்கு, அண்ணை.

சொல்லுறன், பொறுங்கோ. மாப்பிள்ளைப் பொடியன் இயன் ஸ்கொட்லாந்துக்காரன் எண்டு தெரியும்தானே... ஓம், அவனும் பிரேசர், நாங்களும் பிரேசர். பேர் மாத்துற கரைச்சலும் இல்லை எண்டு நீங்கள்தானே பகிடி விட்டனீங்கள். நேற்று ரெண்டு பேரும் டவுணுக்க ஒரு ஸ்கொட்லாந்துத் துணிக்கடைக்குப் போயிருக்கினம். அங்க ஒவ்வொரு குடும்பப் பேருக்கும் ஒரு கட்டம் போட்ட துணி இருக்காம்... ஓம், டார்ட்டன், அதுதான். இவள் சும்மா விளையாட்டுக்கு, யாழ்ப்பாணத்துப் பிரேசருக்கும் ஒண்டு இருக்கோ எண்டு கேட்டிருக்கிறாள். கடைக்காரன் இயனுக்கு எடுத்த அதே துணியை இவளின்ர தோளிலயும் போட்டிட்டானாம். பிரேசர் எண்டால் எல்லாரும் ஒரு குலமாம், ஒரு முப்பாட்டன்ர பிள்ளையளாம்...

சிரியாதேங்கோ. ஒரு குலம் எண்டால் எங்களுக்கு என்ன முறை? தகப்பன் வழி, ஒரே பேர். அண்ணன் தங்கச்சியெல்லோ. மச்சான் முறை வந்திருந்தால் நான் ஏன் வாய் திறக்கிறன்?...

ஓம்... ஓம், அப்பப்பாவுக்கு ஸ்கொட்லாந்துப் பாதிரியார் வைச்ச பேர்தான், எனக்கும் தெரியும். ஞானஸ்நானத்தோட குடுத்தது. ரத்தம் இல்லை, வெறும் பேர்... அப்பிடித்தானே? அப்பாடா. இப்பதான் மூச்சு வருது...

அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? அந்தப் பாதிரியார் ஊரில எத்தினை பிள்ளையளுக்கு ஞானஸ்நானம் குடுத்தவர். அவைக்கெல்லாம் யோவான், பேதுரு எண்டுதானே வைச்சவர். தன்ர சொந்தப் பேரை எங்கட அப்பப்பாவுக்கு மட்டும் ஏன் குடுத்தவர்?... அப்பப்பாவின்ர தாய் அவரின்ர பங்களாவில சமைச்சவ, சரி. அதுக்காக ஆரும் பேரைக் குடுக்கிறதோ?... அப்பப்பாவுக்குப் பூனைக்கண். உங்களுக்கும் பூனைக்கண்...

அண்ணை, அம்மாவாணை சொல்லுங்கோ, வெறும் பேர்தான் எண்டு... சொல்லுங்கோவன்... ஏன் ஏலாது?

...

ஆர் சொன்னது? எங்கட ஐயாவோ?... சாகக் கிடக்கேக்கை. உங்களுக்கு மட்டும்... ஓம். ஓம்... என்ர ஆண்டவரே, அப்ப அப்பப்பா அந்தப் பாதிரியாரின்ர பிள்ளையோ.

விளங்குது அண்ணை. பாதிரியாருக்கும் இயன்ர ஆக்களுக்கும் சொந்தம் இருந்தாலும் எத்தினையோ தலைமுறைக்கு முந்தி. ஸ்கொட்லாந்து முழுக்கப் பிரேசர்தான், ஆர் ஆற்றை சொந்தம் எண்டு ஆருக்குத் தெரியும்... ஓம், இந்த ஊர்ச் சட்டத்தில பிழையில்லை, சேர்ச்சிலயும் ஒரு கேள்வி கேக்கமாட்டினம்... எல்லாம் விளங்குது. மனம்தான் கேக்குதில்லை. சனிக்கிழமை அவளின்ர கையைப் பிடிச்சு அவனிட்டைக் குடுக்கப் போறது நானெல்லோ...

நிப்பாட்டுறதோ? என்னத்தைச் சொல்லி நிப்பாட்ட? அவள் அவனில உயிரையே வைச்சிருக்கிறாள்... பொறுங்கோ, படியில சத்தம் கேக்குது. வாறாள்.

என்ன பிள்ளை?... பெரியப்பாவோடதான் கதைக்கிறன்... ஓ, இதுதானோ அந்தத் துணி. திரும்பு, பாப்பம்... வடிவாக் கிடக்கு... அழேல்லையம்மா, தடிமன், மூக்கு ஒழுகுது... என்ன, பெரியப்பா என்ன சொல்லுறாரோ?

...

எங்கட துணிதானாம், பிள்ளை... ஓம், ஓம். கடைக்காரன் சும்மா சொல்லேல்லையாம். எங்கடைதானாம்.

அண்ணை, வைக்கிறன்.