கழுத்த விடுங்க

எனக்குப் பால்கோவா பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். ஆனால் ராஜபாளையத்தில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருப்பவன் அதிலிருந்து தப்ப முடியாது. வலி தீர்ந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஒரு டப்பா கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். அத்தோடு சரி, பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்த டப்பாவைக் கண்டாலே எனக்கு ஆகாது.

என்னிடம் வைத்தியத்துக்கு வந்த வெங்கடேஸ்வரிக்குப் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. குனிந்தே இருந்து பிடரி இறுகி, தலையைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல் வலி. மாத்திரைக்கு அடங்கவில்லை. ஒத்தடம் கொடுத்து மெதுவாக அழுத்திவிடுவேன். "ஸ்டெபின் சார், உங்க கை பட்டாத்தான் உசுரே வருது" என்பாள். வீட்டில் என்னோடு பேச ஒரு நாதி கிடையாது.

நாடியை, அதாவது மோவாயை, உள்ளே இழுக்கச் சொல்லவேண்டிய பயிற்சி அது. நான் முன்னால் நீட்டச் சொல்லிக்கொடுத்தேன். பெரிய தப்பொன்றும் இல்லை. வலி தீராது, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் ஒழுங்காக வந்தாள்.

போன வாரம் டப்பாவோடு வந்து நின்றாள்.

"தலவலி போயே போச்சு சார். வேல சாஸ்தி, நீங்க சொன்ன பயிற்சியச் செய்ய முடியல. அத நிறுத்துன பொறவு வலியே..."

பேச்சு பாதியில் நின்றது. என்னையே பார்த்தாள். உதடு வெளுத்துவிட்டது.

"நான் வாரேன் சார்."

"கடைசியா ஒரு தடவ பாத்துருவோம், உக்காரும்மா" என்று கதவைச் சாத்தினேன். பழக்கதோஷம், உட்கார்ந்துவிட்டாள்.

பிடரியில் கை வைத்தேன். கல்லாக இறுகியிருந்தது. இதையா போய்விட்டது என்கிறாள்? அவள் பயத்தில் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான் சார், போய்விடுவாளே என்று.

நோயாளிகளிடம் நான் ஓயாமல் சொல்வது, "கழுத்த விடுங்க." இறுக்காமல் தளர்த்துங்கள் என்று அர்த்தம். அவளும் அதையேதான் சொன்னாள்.

"கழுத்த விடுங்க சார். சார், கழுத்த விடுங்க."

சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லையே என்று எனக்குச் சந்தோஷம். இறுக்கம் போகும்வரை அழுத்தினேன். செத்த நேரத்தில் இளகிவிட்டது. அந்தப் பிடரி அம்புட்டு இளகி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் கழுத்தை விட்ட பிறகுதான் சார், நான் கையை விட்டேன்.